தீயிலிருந்து நீருக்கு: சென்னை மண்ணில் இறங்கிய எரிபொருளின் வரலாறு

சென்னையில் மண்ணெண்ணெயும் பெட்ரோலும் விற்பனைக்கு வந்த காலம் முதல் ஏறத்தாழ நூறாண்டுகள் வரை, அவற்றைக் குறித்து அரசும் வணிகரும் பொதுமக்களும் கொண்டிருந்த அச்சம் தீயைப் பற்றியதாகவே இருந்தது. தொட்டியை எங்கே புதைக்கலாம், அதற்கும் அடுத்த கட்டடத்துக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், யாருக்கு உரிமம் தரலாம் என்ற விதிகள் அனைத்தும் எண்ணெய் எரிந்துவிடக் கூடாது என்ற ஒரே கவலையில் பிறந்தவை. அதே எண்ணெய் எரியாமல், எவர் கண்ணிலும் படாமல் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்று நீரில் கலந்தால் என்ன செய்வது என்ற கேள்வி, வீட்டுக்கு வீடு கிணறு வைத்திருந்த இந்த நகரத்தில் மிகவும் பிந்தித்தான் எழுந்தது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் நிலத்தடி நீரில் இந்தத் தாமதத்தின் விளைவுகள் இன்னும் முழுமையாக அளந்து பார்க்கப்படவில்லை.

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியபோது, அதன் முதன்மை இலக்காக இருந்தவை பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள். தொட்டிகள் பற்றியெரிந்து ஏறத்தாழ மூன்றரை லட்சம் காலன் எண்ணெய் அழிந்ததாகவும், மக்கள் பெருந்திரளாக நகரை விட்டு வெளியேறியதாகவும் அக்காலப் பதிவுகள் கூறுகின்றன. எண்ணெய் என்றால் நெருப்பு என்ற எண்ணம் நகரத்தின் நினைவில் அவ்விரவில் ஆழப் பதிந்தது. அதே 1914இன் இறுதியில், பொறியாளர் மேட்லி வடிவமைத்த கீழ்ப்பாக்கம் நீர் சுத்திகரிப்பு நிலையம் செயல்படத் தொடங்கி, செங்குன்றம் ஏரி நீரை மணல் வடிகட்டிகளில் தெளியவைத்துக் குழாய் வழியே நகருக்கு அனுப்பியது. குழாய் நீர் வந்த பின்பும் கிணறுகள் தூர்க்கப்படவில்லை. குடிப்பதற்குக் குழாயும், குளிக்கவும் துவைக்கவும் கிணறும் என்ற வழக்கம் மயிலாப்பூர் மாடவீதிகளிலும், பின்னர் உருவான தியாகராய நகர் மனைகளிலும் நிலைத்தது. எண்ணெயும் நீரும் நகரத்தின் நிர்வாகத்தில் இருவேறு துறைகளின் பொறுப்பாகப் பிரிந்து நின்றதால், இரண்டையும் சேர்த்துச் சிந்திக்கும் கடமை எந்த அலுவலகத்துக்கும் ஏற்படவில்லை.

தொடக்கத்தில் எரிபொருள் தகர டின்களில் விற்கப்பட்டது. மோட்டார் வாகனங்கள் பெருகியபோது மண்ணுக்கு அடியில் இரும்புத் தொட்டியைப் புதைத்து, அதிலிருந்து பம்பு மூலம் எண்ணெயை மேலேற்றி வண்டிக்கு நிரப்பும் முறை பரவியது. பெட்ரோல் பங்க் என்று மக்கள் அழைக்கும் நிறுவனத்தின் உடல் இதுதான். வெளியே தெரிவது பம்பு, உள்ளே மறைந்திருப்பது தொட்டியும் அதன் குழாய்களும். 1928இல் உருவான பர்மா ஷெல் நிறுவனமும், அதனோடு ஸ்டான்டர்ட் வாக்குவம், கால்டெக்ஸ் ஆகியவையும் அக்காலத்தில் எண்ணெய் விற்ற பெரிய நிறுவனங்கள். சிம்ப்சன் முதலிய மோட்டார் நிறுவனங்கள் அமைந்த மவுண்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை, நகரின் வாகன வணிகத்தின் முதுகெலும்பாயிற்று. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் இந்த வணிகத்தை நெறிப்படுத்தியது. அச்சட்டத்தின் வகைப்பாடே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடும். எண்ணெயின் ஆவி, நெருப்புப் பொறி பட்டவுடன் பற்றிக்கொள்ளத் தொடங்கும் மிகக் குறைந்த வெப்பநிலையைத் தீப்பற்று வெப்பநிலை என்பர்; இன்று நடைமுறையிலுள்ளபடி, அது 23 டிகிரி செல்சியசுக்குக் கீழிருந்தால் முதல் வகை, 23 முதல் 65 வரை இரண்டாம் வகை, 65 முதல் 93 வரை மூன்றாம் வகை. எண்ணெய் நீரில் எவ்வளவு கரையும், மண்ணில் எவ்வளவு காலம் தங்கும் என்பவற்றுக்கு அந்த வகைப்பாட்டில் இடமில்லை. உரிமம் வழங்கும் பொறுப்பு வெடிபொருள் துறையிடம் இருந்தது என்பதும் இதனோடு பொருந்துகிறது.

இனி, தொட்டிகள் புதைக்கப்பட்ட மண்ணைப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒரே அளவு கசிவு மூன்று இடங்களில் மூன்று விதமாக நடந்துகொள்ளும். தியாகராய நகர் 1920களில், மயிலாப்பூர் ஏரி, நுங்கம்பாக்கம் ஏரி ஆகியவை இணைந்து நீண்டு கிடந்த பெரிய நீர்ப்பரப்பை வற்றச் செய்து உருவாக்கப்பட்ட குடியிருப்பு. 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்துக்குப் பின் தொடங்கிய இத்திட்டத்துக்கு நீதிக்கட்சித் தலைவர் பி. தியாகராயச் செட்டியின் பெயரும், அதன் நடுவே அமைந்த பூங்காவுக்குப் பனகல் அரசரின் பெயரும் சூட்டப்பட்டன. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு மறைந்த ஏரியின் பெயரைச் சுமந்து நிற்கிறது. ஏரிப் படுகையாதலால் இங்கே களிமண் மிகுதி. களிமண்ணின் துளைகள் மிக நுண்ணியவை. எண்ணெய் அதில் மெல்லத்தான் நகரும், ஆனால் நுழைந்துவிட்டால் எளிதில் வெளியேறாது. அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பகுதிகளில் நிலைமை நேர்மாறானது. அங்கே கடற்கரை மணலும் ஆற்று வண்டலும் படிந்து, அவற்றுக்கு அடியில் சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை கிடக்கிறது. மழைநீர் மணலில் விரைந்து இறங்கிப் பாறைக்கு மேல் தேங்குவதால் அது நல்ல நீர்த்தாங்கு படுகை, அதாவது நீரைத் தேக்கி வைத்துக் கிணறுகளுக்கு வழங்கும் மண்ணடுக்கு. நீரை விரைந்து ஏற்கும் அதே மணல் எண்ணெயையும் விரைந்து ஏற்கும். மயிலாப்பூரில் மணலும் களியும் தெருவுக்குத் தெரு மாறிக் கலந்து கிடப்பதால், அங்கே மாசு செல்லும் வழியை முன்கூட்டிக் கணிப்பது இன்னும் கடினம்.

பெட்ரோல் நீரைவிட இலேசானது. அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு. ஆகவே துருப்பிடித்த தொட்டியிலிருந்தோ தளர்ந்த குழாய் இணைப்பிலிருந்தோ கசிந்த பெட்ரோல் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை எட்டியதும் அதன் மேல் படலமாகப் பரவி மிதக்கிறது. படலத்தின் பெரும்பகுதி நீரில் கரையாது என்றாலும், அதிலுள்ள பென்சீன், டொலுயீன் முதலியவை ஓரளவு கரைந்து, நிலத்தடி நீர் ஓடும் திசையில் நீண்ட மாசு ஓட்டமாகச் செல்லும். இவற்றுள் பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை. குடிநீரில் அது லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. பெட்ரோலில் பென்சீன் 1 விழுக்காடு இருக்கலாம் என்ற இன்றைய வரம்பை வைத்துக் கணக்கிட்டாலும், ஒரு லிட்டர் பெட்ரோலிலுள்ள ஏறத்தாழ 8.8 கிராம் பென்சீனை அந்த அளவுக்கு நீர்த்துப்போகச் செய்ய 8.8 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். முந்தைய பத்தாண்டுகளின் பெட்ரோலில் பென்சீன் வரம்பு இதைவிடப் பன்மடங்கு உயர்ந்திருந்தது. மேலும் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயம் கலவாத பெட்ரோல் அறிமுகமாகி, 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் முற்றிலும் நிறுத்தப்படும் வரை, கசிந்த ஈயப் பெட்ரோலின் ஒவ்வொரு துளியும் ஈயத்தையும் உடன் கொண்டு சென்றது. பென்சீனை மண்ணின் நுண்ணுயிர்கள் காலப்போக்கில் உண்டு அழிக்க இயலும். ஈயத்தை அவற்றால் அழிக்க இயலாது.

சென்னையின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது இச்சிக்கலை மிகுவிக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் உறைகிணற்றில் கை எட்டும் தூரத்துக்கு ஏறும் நீர், கோடையில் பல மீட்டர் கீழே போய்விடுகிறது. மிதக்கும் எண்ணெய்ப் படலமும் உடன் இறங்கி ஏறும். ஒவ்வொரு முறையும் அதன் ஒரு பகுதி மண் துகள்களுக்கு இடையே சிக்கிக்கொள்ளும். எனவே மெல்லிய படலமாக இருந்தது பல மீட்டர் தடிப்புள்ள எண்ணெய் தோய்ந்த மண்ணடுக்காக மாறிவிடுகிறது. மழை குறைந்த 2003-04ஆம் ஆண்டுகளில் ஏரிகள் வறண்டு குழாய் நீர் மாதக்கணக்கில் நின்றபோதும், 2019 கோடையில் ஏரிகள் மீண்டும் வறண்டபோதும், நகரம் முன்னெப்போதும் இல்லாத ஆழத்துக்கு நிலத்தடி நீரை உறிஞ்சியது. 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு இப்பகுதிகளின் நீர்மட்டத்தை உயர்த்தியது என்பதில் ஐயமில்லை. மந்தைவெளிப்பாக்கத்தில் 2002இல் தொடங்கப்பட்ட மழை மையம் போன்ற முயற்சிகளுக்கு அதில் பெரும் பங்குண்டு. ஆயினும் மழைநீர் இறங்கும் மண் தூயது என்ற நம்பிக்கையின் மீதே அந்தப் பணி நின்றது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் சொட்டிய எண்ணெயும், மின்னாக்கி இயந்திரத்தின் டீசலும் மீள்நிரப்புக் கிணற்றுக்குள் போகும் வழி திறந்திருக்குமானால், நீரை ஏற்றும் ஏற்பாடே மாசை ஏற்றும் ஏற்பாடாகிவிடும். வெள்ளமும் இதே ஆபத்தை வேறு வழியில் கொண்டுவருகிறது: நிலத்தடித் தொட்டிக்குள் வெள்ளநீர் புகுந்தால் எண்ணெய் மேலெழுந்து வெளியேறும், பாதி காலியான தொட்டியை நீரின் மிதப்பு விசை தூக்கிக் குழாய்களை முறிக்கவும் கூடும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்ட பின் கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் இதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டிய இடங்கள்.

பங்க் நடத்துவோர் காலையில் அளவுகோலைத் தொட்டிக்குள் இறக்கி இருப்பை அளப்பதும், விற்ற கணக்கோடு அதை ஒப்பிடுவதும் நெடுநாளைய நடைமுறை. வெயில் மிகுந்த ஊரில் ஆவியாகும் இழப்பும், வெப்பத்தால் எண்ணெயின் கன அளவு மாறுவதும் இயல்பானவை என்பதால், சிறு குறைபாடு எவருக்கும் ஐயத்தை எழுப்புவதில்லை; நாளொன்றுக்கு ஒரு லிட்டர் கசியும் தொட்டி ஓராண்டில் 365 லிட்டரை மண்ணுக்குக் கொடுத்தும் கணக்கேட்டில் பிடிபடாமல் இருக்க முடியும். பங்குகள் மட்டுமே மாசின் மூலம் என்றும் கொள்ளலாகாது. நியாயவிலை மண்ணெண்ணெய் விற்ற பங்குகள், பழைய வாகனங்களைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டை, உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, தெருமுனைப் பழுதுபார்ப்புப் பட்டறைகள் ஆகியவற்றின் தரையும் பல்லாண்டுகளாக எண்ணெய் குடித்த தரைதான்.

உலகின் பிற பகுதிகளில் இக்கேள்வி சற்று முன்பே எழுந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஆம்ப்ளரில் பெட்ரோல் குழாய் கசிந்து நிலத்தடி நீரில் கலந்தபோது, 1972இல் ரிச்சர்ட் ரேமண்ட் என்ற அறிவியலாளர், மண்ணில் ஏற்கெனவே வாழும் நுண்ணுயிர்களுக்கு உயிர்வளியும் நைட்ரஜன், பாஸ்பரஸ் உப்புகளும் கொடுத்தால் அவை பெட்ரோலை உண்டு தீர்க்கும் எனச் செய்து காட்டினார். உயிரிவழிச் சீரமைப்பு என இன்று அழைக்கப்படும் முறையின் தொடக்கம் அது. 1984இல் அந்நாட்டு நாடாளுமன்றம் நிலத்தடி எண்ணெய்த் தொட்டிகளுக்கெனத் தனிச் சட்டப் பிரிவை இயற்றியது. 1986இல் விற்கப்படும் ஒவ்வொரு காலனுக்கும் ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு வரி விதித்துத் தூய்மைப்படுத்தும் நிதியை அமைத்தது. பழைய தொட்டிகளை மாற்றவோ மேம்படுத்தவோ 1998 டிசம்பர் வரை கெடு விதிக்கப்பட்டது. 1984ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அங்கே கண்டறியப்பட்ட கசிவுகளின் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. தேடியதால் கிடைத்த எண்ணிக்கை அது. தேடாத நாடுகளில் எண்ணிக்கை இல்லை என்பதைக் கசிவு இல்லை என்று பொருள்கொள்வது பெரும் பிழை.

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 1974ஆம் ஆண்டின் நீர்மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நச்சுப் பொருள்களை ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ விடுவதைத் தடைசெய்கிறது; அச்சட்டம் நிலத்தடி நீரையும் ஓடை என்ற வரையறைக்குள் அடக்குகிறது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு நாட்டின் சட்டத்தின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்று சேப்பாக்கத்தின் கலச மஹாலில் இயங்குகிறது. இத்தனை இருந்தும், பெட்ரோலால் கெட்ட நிலத்தடி நீர் என்பது சென்னையில் பொது விவாதமாக ஒரு கண்கூடான நிகழ்வு தேவைப்பட்டது.

அந்நிகழ்வு 2013இல் வடசென்னையின் தண்டையார்பேட்டையில் நேர்ந்தது. துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டைச் சேமிப்பு நிலையத்துக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய குடியிருப்புகளின் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. குழாய்க்கு அருகில் வாழ்ந்த மக்களுக்கு வீட்டுக் கிணறு பயனற்றதாயிற்று. தீர்ப்பாயத்தின் முன் வழக்கு சென்றது. எண்ணெய் கலந்த நீரை இறைத்துப் பிரித்தெடுக்கும் பணி நடந்தது. ஐஐடி சென்னையின் இந்துமதி நம்பி உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்நீரிலுள்ள பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள், அதாவது பல கரிம வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய, புற்றுநோய் விளைவிக்கக்கூடிய சேர்மங்கள், மக்களின் உடல்நலத்துக்கு எந்த அளவு இடர் தரும் என்று மதிப்பிட்டு 2018இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். இந்தியக் குடிநீர்த் தரத்தில் இச்சேர்மங்களுக்கு லிட்டருக்கு 0.0001 மில்லிகிராமே வரம்பு என்பதை நினைத்தால் அந்த மதிப்பீட்டின் கனம் புரியும். எம்டன் மூட்டிய தீக்கும் இந்தக் கிணற்று நீருக்கும் இடையே 99 ஆண்டுகள் கடந்திருந்தன. ஆய்வுக்கூடம் அடையாற்றை ஒட்டிய வளாகத்திலும், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமையகம் கிண்டியிலும், தீர்ப்பாயம் சேப்பாக்கத்திலும் இருக்க, எண்ணெய் கலந்த நீர் வடசென்னையின் எளிய குடும்பங்களின் கிணறுகளில் இருந்தது. நகரத்தின் எண்ணெய் வடக்கே இறங்கித் தெற்கேயும் எரிகிறது என்பதால், அங்கே கற்ற பாடத்தைத் தென்பகுதியும் மையப்பகுதியும் தமக்கானதாக ஏற்பதே நேர்மை.

தூய்மைப்படுத்தும் முறைகள் பலவெனினும் மண் எதை ஏற்கிறதோ அதுவே பயன்படும். அடையாற்று மணலில் குழாய்களை இறக்கி வெற்றிடத்தால் எண்ணெய் ஆவியை உறிஞ்சலாம். நீர்மட்டத்துக்குக் கீழே காற்றைச் செலுத்திக் கரைந்த பென்சீனை ஆவியாக்கி மேலே கொணரலாம். அக்காற்றே நுண்ணுயிர்களுக்கு உயிர்வளியுமாகும். தியாகராய நகரின் களிமண்ணில் காற்று ஊடுருவாது. அங்கே பெரும்பாலும் தோண்டி அகற்றுவதே வழி. தோண்டிய மண் அபாயக் கழிவாதலால் கும்மிடிப்பூண்டியிலுள்ளது போன்ற பாதுகாப்பான நிலநிரப்பு மையத்துக்குப் போக வேண்டுமே தவிர, வேறொரு மனையின் பள்ளத்தை நிரப்பப் போகலாகாது. நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் முறையும் உண்டு என்றாலும், மண்ணில் சிக்கிய எண்ணெய் புதிய நீரில் மீண்டும் மீண்டும் கரைந்துகொண்டே இருப்பதால் அது ஆண்டுக்கணக்கில் நீளும். எந்த அளவு தூய்மை போதும் என்பதும் எளிய கேள்வியன்று. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச மண்ணுக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற இலக்கு வகுக்கப்பட்டபோது எழுந்த நீண்ட வாதம் அதைக் காட்டியது.

இன்று மையச் சென்னையில் இப்பிரச்சினை வாழும் இடம் பழைய பங்க் மனை. எஸ்ஸோ எண்ணெய் நிறுவனம் 1974இலும், பர்மா ஷெல் 1976இலும், அதன் பின் கால்டெக்சும் நாட்டுடைமையானபோது, அவை வைத்திருந்த குத்தகைகளும் அரசு நிறுவனங்களுக்கு மாறின. மனையின் விலை பன்மடங்கு ஏறிய பின் உரிமையாளர்கள் நிலத்தைத் திரும்பக் கேட்டனர். நிறுவனங்கள் குத்தகைப் புதுப்பிப்பு உரிமையையும், 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தையும் முன்வைத்து வாதாடின. வாடகை, புதுப்பிப்பு, உடைமை ஆகியவையே இவ்வழக்குகளின் பொருள். தொட்டி கிடந்த மண்ணின் நிலை அவற்றின் பொருளாகவில்லை. கட்டுமானத் தொழிலில் மண் பரிசோதனை என்பதும் மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அறியும் சோதனையே. ஆகவே தொட்டி எடுக்கப்பட்ட பள்ளத்தின் மீது அடுக்குமாடிக் கட்டடம் எழுந்து, அதன் ஆழ்துளைக் கிணறு அதே மண்ணடுக்கிலிருந்து நீர் எடுக்கும் நிலை நேரலாம். அருகிலேயே மெட்ரோ நிலையத்துக்குத் தோண்டி ஆழத்து நீரை இறைத்து வெளியேற்றும்போது, நிலத்தடி நீர் ஓடும் திசையே மாறி, அசையாமல் கிடந்த மாசும் நகரத் தொடங்கும். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வழியே செல்லும் தடத்தில் இது கருதத்தக்க செய்தி.

மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைகள் புதிய பங்குகளைப் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி அமைக்க வேண்டும் என்றும், இட நெருக்கடி இருப்பினும் 30 மீட்டருக்குக் குறையலாகாது என்றும் விதித்தன. அவை புதியவற்றுக்கு. பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலின் பங்கு 20 விழுக்காட்டை எட்டியிருக்கும் இக்காலத்தில் பழைய தொட்டிகள் தனிக் கவனம் பெற வேண்டும். கசிந்த எரிபொருளில் நுண்ணுயிர்கள் எத்தனாலையே முதலில் உண்டு உயிர்வளியைத் தீர்த்துவிடுவதால், பென்சீன் அழியாமல் இன்னும் நெடுந்தொலைவு செல்ல வழியேற்படுகிறது.

2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மாசடைந்த இடங்களின் மேலாண்மை விதிகள், ஐயத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் அரையாண்டுக்கு ஒருமுறை அளிக்க வேண்டும் என்றும், அவற்றை 90 நாள்களுக்குள் முதற்கட்டமாக ஆராய வேண்டும் என்றும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றும் கூறுகின்றன. சென்னை மாவட்டத்துக்கு அப்பட்டியலைத் தொடங்குவதற்கான ஆவணம் ஏற்கெனவே உண்டு. பெட்ரோலியச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு உரிமத்துக்கும் தொட்டி புதைக்கப்படும் இடத்தைக் காட்டும் வரைபடம் அளிக்கப்பட்டு ஒப்புதல் பெற வேண்டும் என்பதால், தீயை அஞ்சி வெடிபொருள் துறை திரட்டிய கோப்புகளில் தொட்டிகளின் இருப்பிடம் பதிவாகியிருக்க வேண்டும். அக்கோப்புகளை மாசு கட்டுப்பாட்டு வாரியம் கேட்டுப் பெற்று, மூடப்பட்ட பங்குகளின் மனைகளைப் பிரித்தெடுத்து, அவற்றைச் சுற்றியுள்ள கிணறுகளில் பென்சீனை அளக்கும் பணியை மயிலாப்பூரின் ஒரு தெருவிலிருந்து கூடத் தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.